வெளியிலிருந்து வரும் ஒலி



தமிழகத்தை விட்டு வந்து மாதுங்காவிலும் கரோல்பாகிலும் பிலாயிலும் குடியமர்ந்த நமக்கு வானொலி வெறும் பொழுதுபோக்கு அன்று. தில்லியிலிருந்து ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி ஒலித்த நாட்களில், காப்பிக் குவளையும் கையுமாக அதற்கெனக் காத்திருந்தோர் நம்முள் பலர். குறித்த நேரத்தில் பெட்டி பேசாவிடின், பெட்டியில் கோளாறோ, மின்சாரத்தில் கோளாறோ என்று தேடுவோம். கோளாறு நிலையத்தின் சிறு பொத்தான் ஒன்றில் இருக்கலாம் என்று எண்ணுவதில்லை. அப்பொத்தானைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகின்றோம்.

அறிவிப்பாளர் முன்னே நீண்ட பலகை ஒன்று இருக்கும், கன்சோல் என்பர். ஒலிவாங்கி, கணிப்பொறி, தொலைபேசி, பிற நிலையத்திலிருந்து அஞ்சலாக வரும் நிகழ்ச்சி ஆகிய யாவும் அதில் வந்து கலந்து, ஒலிபரப்பிக்குச் செல்கின்றன. அதே பலகையில், அறிவிப்பாளர் தம் காதால் கேட்க வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் பகுதியும் உண்டு. அங்கே ‘வெளி 1’, ‘வெளி 2’ எனச் சில பொத்தான்கள் இருக்கும். பலகைக்குப் புறம்பான ஒலியைக் கேட்க உதவுபவை அவை. அவற்றுள் தலையாயது, நிலையத்திலேயே வைத்திருக்கும் ஒரு வானொலிப் பெட்டி. நம் ஒலிபரப்பை, உங்களைப்போலவே, காற்றிலிருந்து பிடித்துத் தருவது அது.

அடுக்களையில் சுவை பார்ப்பது ஒன்று. பந்தியில் இலைமேல் விழுந்ததைப் பார்ப்பது மற்றொன்று. பலகையின் ஒலி முன்னதைப் போன்றது. வெளிப் பொத்தானின் ஒலி பின்னதைப் போன்றது.

நாம் பணியாற்றிய நிலையம் ஒன்றில் நிகழ்ந்தது இது. பலகையைச் செப்பனிட்ட மறுநாள் காலை, ‘வானலை’ என்று பெயரிட்ட பொத்தானை அழுத்தி நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். குரல் தெளிவாக இருந்தது, அளவுமானிகளும் ஆடின. ஏழு நிமிடம் சென்றபின் தொலைபேசி மணி ஒலித்தது. வெளிமாநிலத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெரியவர். “ஐயா, பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டேன். கோளாறு உங்களிடந்தான் இருக்க வேண்டும்” என்றார். உண்மைதான். ஒலிபரப்பிக்குச் செல்லும் இணைப்பு அறுந்து போயிருந்தது. செப்பனிட்டபோது அப்பொத்தானுக்கு வானொலிப் பெட்டிக்கு மாறாகப் பலகையின் சொந்த ஒலியையே இணைத்துவிட்டிருந்தோம். நம் குரலை நாமே கேட்டு மகிழ்ந்திருந்தோம்.

இப்பிழை எங்ஙனம் நேர்ந்தது? பழைய பலகையில் பொத்தானுக்குப் பின்னே ஒரு கம்பி இருக்கும். கையால் தடவிக்கொண்டே அதன் வேரைக் காணலாம். டிஜிட்டல் பலகையிலோ எந்த ஒலியும் எந்தப் பொத்தானுக்கும் வரலாம். அதனை முடிவு செய்வது நினைவகத்தில் எழுதிய ஓர் ஆணை. பெயர் ஓரிடத்திலும் ஒலி வேறோரிடத்திலும் இருத்தல் கூடும்.

ஆதலின் பொத்தான்களை அமைக்குமுன், எது எங்கிருந்து வருகிறது என்று தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து, வருவது பழைய அனலாக் ஒலியா, டிஜிட்டல் ஒலியா என்று காண வேண்டும். டிஜிட்டல் ஒலிக்கு 1985-இல் ஏ.இ.எஸ். 3 என்ற விதியும், கணிப்பொறி வலைவழிச் செல்லும் ஒலிக்கு 2013-இல் ஏ.இ.எஸ். 67 என்ற விதியும் வகுக்கப்பெற்றன. ஒலிபரப்பில் நொடிக்கு 48,000 கூறுகள் என்பது பெருவழக்கு. இசைக் குறுந்தகட்டிலோ 44,100. இவ்விரண்டின் தாளம் ஒன்றாவிடின் ‘டிக் டிக்’ என்ற ஒலி எழும். அத்தகைய வரவுக்கு மாற்றியை இயக்கிவைத்தல் வேண்டும். சோதனை ஒலியின் அளவை ஐரோப்பியர் உச்சத்துக்கு 18 டெசிபல் கீழேயும், அமெரிக்கர் 20 டெசிபல் கீழேயும் வைப்பர். நிலையத்தினர் ஒன்றையே கைக்கொள்ளல் நன்று.

பின்னர்ப் பெயர் சூட்டி, மெய்யா என்று சோதிக்க வேண்டும். வழி எளிது: அந்த வானொலிப் பெட்டியை நிறுத்திப் பாருங்கள். பொத்தானில் ஒலி நின்றால் பெயர் மெய். தொடர்ந்து ஒலித்தால் பெயர் பொய். அன்று இவ்வொரு சோதனையை நாம் செய்திருந்தால், அப்பெரியவர் பெட்டியைத் தட்டியிருக்க வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உள. டிஜிட்டல் ஒலிபரப்பும் இணையவழி ஒலியும் சில நொடி பிந்தியே வரும்; அவற்றைச் செவியில் மாட்டிக்கொண்டு பேசுவோர் தம் சொல்லே திரும்பி வரத் தடுமாறுவர். ஆகவே பேசும்போது பலகையின் ஒலியையும், இடையிடையே வெளி ஒலியையும் கேட்க வேண்டும். மற்றொன்று, வானொலிப் பெட்டியின் ஒலியை ஒலிபரப்பாகும் நிகழ்ச்சியில் கலந்துவிடலாகாது. கலந்தால் சென்றதே மீண்டும் செல்ல, எதிரொலியோ ஊளையோ எழும். அவ்வொலியை எந்தப் பிடியில் தேரலாகாது என்று தடைசெய்ய இக்காலப் பலகைகள் பலவற்றில் வழியுண்டு.

இவ்வளவும் செய்தபின் அமைப்பைச் சேமித்து, மாற்றியவர் பெயரையும் நாளையும் ஏட்டில் குறித்தல் வேண்டும். அன்று முதல் நாமும் அவ்வாறே செய்து வருகிறோம்.

தன் குரலைத் தானே கேட்டு நிறைவடைதல் எளிது. பல நூறு மைல் தொலைவில் ஒருவர் தம் மொழிக்காகக் காத்திருக்கிறார். அவர் செவியில் என்ன விழுகிறது என்று கேட்பதே ஒலிபரப்புவோர் கடமை. அக்கடமைக்கு அமைந்த காதே அச்சிறு பொத்தான். நீங்களும், ஒலி நின்றால் பெட்டியைத் தட்டிவிட்டு வாளாவிராமல், அப்பெரியவரைப்போல நிலையத்துக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.