உள்ளபடியே வரிசைப்படுத்துங்கள்

(பழைய மாணவர் மறுசந்திப்பு விழாவில், இறுதியாண்டு மாணவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் நடந்த அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்க மருத்துவமனைகளில் இண்டர்ன் வேலைக்கு விண்ணப்பிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். போகலாமா, வேண்டாமா என்ற கேள்விக்குள் நான் போகப் போவதில்லை. அது நீங்கள் வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். போவது என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு ஒரே ஒரு விஷயத்தைப் புரிய வைத்துவிட்டால் எனக்குப் போதும். எங்கள் மருத்துவமனையில் நேர்முகத் தேர்வுக் குழுவில் சில வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் பிள்ளைகள் படிப்பில் கோட்டை விடுவதில்லை. கடைசிப் படிவத்தை நிரப்பும்போதுதான் கெட்டிக்காரத்தனம் காட்டப் போய் நஷ்டப்படுகிறார்கள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இங்கே இண்டர்ன் என்றால் ஹவுஸ் சர்ஜன், அதாவது எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசிப் பகுதி. அங்கே இண்டர்ன் என்றால் பட்டம் வாங்கிய பிறகு சேரும் ரெசிடென்சி பயிற்சியின் முதல் வருஷம். ஆகவே அதற்கு விண்ணப்பிப்பது என்றால் ரெசிடென்சிக்கு விண்ணப்பிப்பது என்றுதான் பொருள். இங்கே ஹவுஸ் சர்ஜன் வருஷத்தை முடித்துப் பட்டம் கையில் வந்தால்தான், வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் முழுமையாகும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் அங்கே ஜூலை மாதம் வேலையில் சேர முடியாது. ஆகவே இந்த ஒரு வருஷத்தை எப்படியாவது தள்ளிவிட்டுப் புத்தகத்தோடு அறைக்குள் முடங்கலாம் என்று நினைக்காதீர்கள். வார்டில் கற்றதுதான் நேர்முகத்தில் பேசும்.

அந்த ஊரில் இடம் கிடைப்பதற்கு 'மேட்ச்' என்று பெயர். நம் பாஷையில் பொருத்தம். பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம்தான். விண்ணப்பதாரர் தனக்குப் பிடித்த மருத்துவமனைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்திக் கொடுக்கிறார். மருத்துவமனைகளும் நேர்முகம் கண்டவர்களை அதேபோல் வரிசைப்படுத்திக் கொடுக்கின்றன. இரண்டையும் கம்ப்யூட்டர் பொருத்திப் பார்த்து, மார்ச் மாதம் முடிவு சொல்கிறது.

இது ஏன் வந்தது என்று தெரிந்தால்தான் இதை நம்புவீர்கள். ஆகவே கொஞ்சம் சரித்திரம்.

1940களில் அங்கே மாணவர்கள் குறைவு, இண்டர்ன் இடங்கள் அதிகம். நல்ல மாணவரை அடுத்தவன் பிடிப்பதற்குள் நாம் பிடித்துவிட வேண்டும் என்று மருத்துவமனைகள் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. கடைசியில் படிப்பு முடிய இரண்டு வருஷம் இருக்கும்போதே ஆள் எடுக்கும் நிலைமை வந்தது. 1945இல் மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு கட்டுப்பாடு போட்டன. குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் மாணவரின் மதிப்பெண், பரிந்துரைக் கடிதம் எதையும் வெளியே தருவதில்லை என்று முடிவு செய்தன.

முந்துவது நின்றது, வேறு தலைவலி ஆரம்பித்தது. இரண்டாவதாகப் பிடித்த மருத்துவமனை 'வா' என்கிறது. முதலில் பிடித்ததிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. மாணவர் என்ன செய்வார்? காத்திருப்பார். மருத்துவமனையோ 'சீக்கிரம் சொல்' என்று நெருக்கும். 1945இல் யோசிக்கப் பத்து நாள் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் எட்டு நாள் ஆயிற்று. 1949இல் பன்னிரண்டு மணி நேரம் கொடுக்கலாம் என்று கல்லூரிகள் கேட்டபோது, அதுவே அதிகம் என்று மருத்துவமனைகள் சங்கம் மறுத்துவிட்டது. நள்ளிரவு 12 மணி 1 நிமிஷத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும்படி தந்திகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வைக்கலாம், அதற்குப் பிறகு அவகாசம் எதுவும் தரத் தேவையில்லை என்று ஏற்பாடு! ஒரு மனிதனின் தொழில் வாழ்க்கையை நடுராத்திரித் தந்தியும் டெலிபோன் மிரட்டலும் தீர்மானித்த காலம் அது.

இந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான், எல்லோரும் வரிசைப் பட்டியல் கொடுக்கட்டும், ஒரு பொது அலுவலகம் பொருத்தட்டும் என்ற யோசனை பிறந்தது. ஒத்திகையும் பார்த்தார்கள். அந்த ஒத்திகை விதியில் ஒரு ஓட்டை இருந்தது. அதைச் சுட்டிக்காட்டி 1951இல் போராடியவர்கள் மாணவர்கள் என்பதைக் கவனியுங்கள். ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த ஹார்டி ஹென்ட்ரன் அவர்களில் முன் நின்றவர். பிற்காலத்தில் பாஸ்டனில் குழந்தைகள் அறுவை சிகிச்சையில் பெரும் பெயர் பெற்றவர் அவர்தான்.

ஓட்டை என்ன? ஒரு மாணவி எட்டாத உயரத்தில் இருக்கும் மருத்துவமனையை ஆசையாக முதலில் போடுகிறாள் என்று வையுங்கள். அது கிடைக்கவில்லை. இரண்டாவதாகப் போட்ட இடத்துக்கு அவள் பெயர் வரும்போது, அதை முதலில் போட்டவர்களைக் கொண்டு அந்த இடம் நிரம்பியிருக்கக்கூடும். அந்த மருத்துவமனைக்கு அவர்களைவிட இவளைத்தான் அதிகம் பிடித்திருந்தாலும் இதுதான் கதி. ஆசைப்பட்டதற்குத் தண்டனை! ஆகவே மனதில் இருப்பதை எழுதாமல், கிடைக்கக்கூடியதை முதலில் எழுத வேண்டிய கட்டாயம் வந்துவிடும். "உண்மையைச் சொன்னால் நஷ்டம் வரும்படி ஒரு முறை இருக்கக் கூடாது" என்பதுதான் மாணவர்களின் வாதத்தின் சாரம். விதி மாற்றப்பட்டது. 1952இல் முதல் மேட்ச் மாறிய விதிப்படி நடந்தது. சுமார் 6,000 மாணவர்கள், 10,000க்கும் மேற்பட்ட இடங்கள்.

1962இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள், கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் உதாரணமாக வைத்து, பிறகு யாரும் ஓடிப்போகாத பொருத்தம் எப்படிச் செய்வது என்று எழுதினார்கள். டாக்டர்கள் பத்து வருஷமாக நடத்தி வந்த முறையும் சாராம்சத்தில் அதுவேதான் என்பதை ஆல்வின் ராத் என்ற பொருளாதார அறிஞர் 1984இல் எடுத்துக்காட்டினார். மருத்துவமனைப் பக்கமிருந்து ஆரம்பித்த கணக்கை, விண்ணப்பதாரர் பக்கமிருந்து ஆரம்பிக்கும்படி ராத்தும் எலியட் பெரான்சனும் மாற்றி அமைத்தார்கள். 1998 முதல் அதுதான் நடைமுறை. 2012இல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது கணக்கு எப்படி ஓடுகிறது? கம்ப்யூட்டர் உங்களை முதலில் உங்கள் முதல் விருப்பத்துக்கு அழைத்துப் போகும். அங்கே இடம் இருந்தால் தற்காலிகமாக உட்கார வைக்கும். அந்த மருத்துவமனை உங்களைவிட மேலே வைத்திருக்கும் ஒருவர் பின்னால் வந்தால், நீங்கள் எழுந்து இரண்டாவது விருப்பத்துக்குப் போவீர்கள். முக்கியமான சங்கதி இங்கேதான் இருக்கிறது. அங்கே போகும்போது நீங்கள் தாமதமாக வந்தவர் இல்லை. அந்த மருத்துவமனை உங்களுக்குக் கொடுத்த மதிப்பு முழுசாக அப்படியே இருக்கும். உங்களைவிடக் கீழே உள்ள ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் அவர் எழுந்து உங்களுக்கு இடம் தருவார். நீங்கள் அதை முதலில் போட்டீர்களா, ஏழாவதாகப் போட்டீர்களா என்பது கணக்கிலேயே வராது.

ஆகவே கிடைக்காத இடத்தை முதலில் போடுவதால் கிடைக்கக்கூடிய இடம் கைநழுவாது. பெரிய இடம் கிடைக்காது என்று பயந்து சின்ன இடத்தை முதலில் போட்டால், சின்ன இடமே கிடைக்கும். பெரிய இடம் உங்களுக்காகக் காத்திருந்தாலும் அது உங்களுக்கு வராது. இதைச் சரிசெய்ய மேல்முறையீடு கிடையாது. உங்கள் மனதில் உள்ள வரிசைதான் உங்களுக்கு லாபமான வரிசை.

"சார், சீனியர் வேற மாதிரி சொன்னாரே" என்பீர்கள். தெரியும். "நம்மளை யார் எடுப்பாங்களோ அவங்களை முதல்ல போடு" என்று சொல்லியிருப்பார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அது 1951இல் மாணவர்கள் போராடி ஒழித்த விதிக்கு ஏற்ற யோசனை. இன்றைய விதிக்கு அது பொருந்தாது.

இன்னொன்று. நேர்முகம் முடிந்த பிறகு "உங்களை எங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது" என்று மின்னஞ்சலோ போனோ வரலாம். சந்தோஷப்படுங்கள். பதிலுக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் அதைப் பார்த்து வரிசையை மாற்றாதீர்கள். அந்த வார்த்தை யாரையும் கட்டுப்படுத்தாது, பட்டியல்தான் கட்டுப்படுத்தும். எங்களை எத்தனையாவதாகப் போடுவீர்கள், வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்தீர்கள் என்று கேட்க மருத்துவமனைக்கு அனுமதி இல்லை. கேட்டால் பணிவாகத் தட்டிக் கழியுங்கள்.

பட்டியலில் போட்ட எந்த இடம் கிடைத்தாலும் போய்ச் சேருவதாக நீங்கள் ஒப்பந்தம் செய்கிறீர்கள். ஆகவே 'எந்தக் காரணத்தாலும் போகமாட்டேன்' என்ற இடத்தைப் போடாதீர்கள். போகத் தயாராக இருக்கும் இடங்களை எல்லாம் போடுங்கள். பட்டியல் நீண்டால் மேலே உள்ள வாய்ப்பு குறையாது.

கணவன் மனைவி இருவரும் டாக்டர் என்பது நம் கல்லூரிக்குப் புதுசில்லை. (இந்த அரங்கிலேயே எத்தனை ஜோடி என்று எண்ணிப் பார்த்தாலே தெரியும்!) அவர்கள் இரண்டு பட்டியலையும் ஜோடியாகச் சேர்த்துக் கொடுக்கும் வழி 1980களிலிருந்து உண்டு. ஒரே ஊரில் இருவருக்கும் என்று போடலாம். ஒருவருக்குக் கிடைத்தால் போதும் என்றும் கடைசியில் போடலாம். எது வேண்டும் என்பதைப் படிவத்தைத் திறக்கும் முன்பே இருவரும் மனம்விட்டுப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி, இனிப்பில்லாத விஷயம். பொருத்தம் பார்க்கும் முறை நியாயமானதுதான். ஆனால் பொருத்தத்துக்கு ஜாதகம் போய்ச் சேர வேண்டுமே! நேர்முகம் காணாத மருத்துவமனை உங்களை வரிசைப்படுத்தாது. சமீப ஆண்டுகளில் அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் நூற்றுக்குச் சுமார் 93 பேருக்கு இடம் பொருந்துகிறது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் நூற்றுக்கு 60க்கும் சற்றுக் குறைவு. இதை வீட்டில் கடன் வாங்குவதற்கு முன்பே அப்பா அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

யு.எஸ்.எம்.எல்.இ. முதல் படித் தேர்வுக்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் கிடையாது. தேறினார், தேறவில்லை, அவ்வளவுதான். அதனால் இரண்டாம் படித் தேர்வின் மதிப்பெண்ணுக்கு எடை கூடிவிட்டது. அங்கே போய் எழுத வேண்டியிருந்த செய்முறைத் தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக இ.சி.எஃப்.எம்.ஜி. வகுத்த வழிகளும் ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வும் உண்டு. விண்ணப்பம் செப்டம்பர் கடைசியில் மருத்துவமனைகள் பார்வைக்குப் போகும். 2020க்குப் பிறகு நேர்முகம் பெரும்பாலும் வீடியோவில்தான். விமானச் செலவு மிச்சம். ஆனால் அமெரிக்கப் பகல் நமக்கு ராத்திரி என்பதை மறக்க வேண்டாம். ஜே-1 விசாவில் போனால் பயிற்சி முடிந்து இரண்டு வருஷம் தாய்நாட்டில் இருக்க வேண்டும், அல்லது டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருஷம் வேலை பார்த்து விலக்குப் பெறலாம். விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் வருஷத்து விதியைப் பாருங்கள்.

தன்னைப் பற்றி எழுதும் கட்டுரையைக் காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடும். நம் காஷுவாலிட்டியில் ஒரு ராத்திரி நீங்கள் பார்க்கும் நோயாளிகளை நேர்மையாக எழுதினாலே போதும்.

மார்ச் மாதம் மேட்ச் வாரத் திங்கட்கிழமை பொருந்தியதா இல்லையா என்று தெரியும். எங்கே என்பது வெள்ளிக்கிழமை. பொருந்தாதவர்களுக்கு அந்த வாரத்திலேயே மீதி இடங்களுக்கு ஒரு சுற்று உண்டு. அதிலும் கிடைக்காவிட்டால், அது உங்கள் மருத்துவத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல. இங்கே நீட் பி.ஜி. இருக்கிறது, உங்களுக்காகக் காத்திருக்கும் நோயாளிகள் இருக்கிறார்கள். தோற்றவர் என்று யாரும் உங்களைப் பார்க்க வேண்டியதில்லை, நீங்களும் அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, அங்கே வேலை பார்க்கும் என் வயது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகளோடு ஒத்திகை நேர்முகம் நடத்துங்கள். கட்டுரையைப் படித்துத் திருத்துங்கள். வந்து இறங்கும் முதல் வாரம் ஒரு வேளை ரசம் சாதம் போடுங்கள். உங்கள் மருத்துவமனையில் நைட் டியூட்டி எப்படி, வெளிநாட்டுப் பட்டதாரிகளை எப்படி நடத்துகிறார்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். எதை முதலில் போடுவது என்பதை மட்டும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். அந்த உரிமையை அவர்கள் வயது மாணவர்கள்தான் போராடி வாங்கிக் கொடுத்தார்கள்.