பிரியதத்த மந்திரம் மறக்கவில்லை

செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாள். வயதான தந்தையின் அறிவு தளர்ந்தாலும் அவரிடம் பொறுமையாய் இருக்கச் சொல்கிறது சீராக் நூலின் 3ஆம் அதிகாரம். அந்தப் பொறுமை நம் வீடுகளில் எப்படி இருக்கிறது?

விருந்தினர் வந்ததும் பாட்டியின் முன் நிறுத்தி, "இது யாருன்னு தெரியுதா, சொல்லுங்க பாப்போம்" என்கிறோம். பாட்டி விழிக்கிறார், சிரித்துச் சமாளிக்கிறார். நினைவுக்குப் பயிற்சி தருவதாக எண்ணிக்கொண்டு, நாலு பேர் முன்னால் அவரைத் தேர்வில் உட்கார வைக்கிறோம். "பாட்டி, நான் உங்க பெரிய மகனோட பையன்" என்று நாமே முதலில் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

பயிற்சியே வீண் என்பதல்ல. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு ஒரு முறை உண்டு. அன்றாடம் தேவைப்படும் ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம்: மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கும்? மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில். சொன்னவுடன் ஒருமுறை கேட்கிறோம். பிறகு அரை நிமிடம், 1, 2, 4, 8 நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டுகிறோம். தவறினால், ஊகிக்க விடாமல் விடையைச் சொல்லி, அவரையும் சொல்ல வைத்து, சரியாகச் சொன்ன முந்தைய இடைவெளிக்குத் திரும்புகிறோம். இது நோயைக் குணமாக்காது. கண்ணாடி தேடும் அலைச்சல் குறையலாம். அந்த வீட்டுக்கு அதுவே பெரிது.

இந்த நோய் பெரும்பாலும் புதியதைப் பதித்துவைக்கும் மூளைப் பகுதியையே முதலில் தாக்குகிறது. காலையில் சாப்பிட்டது மறக்கும். சிறுவயதில் மனப்பாடமானது நெடுநாள் நிற்கும். அதனால்தான் இன்றைய வடிவில் செபமாலை சொல்லத் தடுமாறும் முதியவர், பழைய பிரியதத்த மந்திரத்தை நாம் தொடங்கினால் கூடவே சொல்லி முடிக்கிறார். (நம் இளையோருக்கு அது தெரியாது, பழைய செபப் புத்தகம் இருந்தால் பரணிலிருந்து இறக்குவோம்.) மணிகளை அவர் விரல்களில் கொடுத்து, அவர் வேகத்திலேயே போவோம். ஒரே மணியில் மூன்று முறை சொன்னால் சொல்லட்டும். கணக்கு ஆண்டவருக்குத் தெரியும்.

திருப்பலியே நினைவுகூர்தல்தான். அதை யாரும் தனியாகச் செய்வதில்லை, சபையாகச் செய்கிறோம். ஒருவர் மறந்த பதிலுரையைப் பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார். ஆகவே, "அம்மாவுக்கு இனி ஒண்ணும் புரியாது" என்று வீட்டிலேயே விட்டுவர வேண்டாம். வர இயலாதவர் என்றால் பங்குத்தந்தையிடம் சொல்வோம், நற்கருணை வீடு தேடி வரும்.

இன்னொருவரும் கோவிலுக்கு வருவதில்லை: பார்த்துக்கொள்ளும் மகள், அல்லது மருமகள். ஞாயிறு காலை எந்த வீட்டில் யார் ஒரு மணி நேரம் உட்காருவது என்று அடுத்த அன்பியக் கூட்டத்தில் பெயர் எழுதிக்கொள்வோம்.