மின் மிதிவண்டிக்கு ஆயில் பிரேக்

புனே நகருக்குத் தெற்கே, சாத்தாரா செல்லும் பழைய சாலையில் கட்ராஜ் என்னும் மலைப்பாதை இருக்கிறது. மின் மிதிவண்டியில் அதன்மேல் ஏறுவது இன்பம். மோட்டார் தள்ளும், நாம் மிதிப்பதாகப் பாவனை செய்தால் போதும். இறங்குவதுதான் வேறு கதை. 2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் அவ்வழியே இறங்கியபோது, பிரேக் பிடியை முழுவதும் அழுத்தியும் வண்டி அடங்கவில்லை. காலைத் தரையில் உரசியே நிறுத்தினோம். செருப்பு போயிற்று, நாம் தப்பினோம்.

நம் வண்டியில் இருந்தது கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக். பிடியை அழுத்தினால் உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பி இழுபட்டு, சக்கரத்தோடு சுழலும் தட்டைப் பிரேக் கட்டைகள் கவ்வும். நாளடைவில் உறைக்குள் நீரும் மண்ணும் புகுகின்றன. கை தரும் விசையில் ஒரு பங்கு அவ்வுராய்விலேயே மடிந்துபோகிறது. கட்டை தேயத் தேயத் திருகைத் திருப்பி இடைவெளியைக் குறைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். அதில் நாம் சோம்பியிருந்தோம் என்பதை மறைப்பானேன்? சாதாரண மிதிவண்டியாயின் அச்சோம்பல் பொறுக்கத்தக்கது. மின்கலமும் மோட்டாரும் ஏறிய வண்டியோ கனமானது, விரைவும் மிகுதி. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் 25 ஆக உயர்ந்தால், நிறுத்துவதற்குத் தணிக்கவேண்டிய ஆற்றல் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடுகிறது.

ஆகவே ஆயில் பிரேக்குக்கு மாறத் துணிந்தோம். மூடிய கலத்திலுள்ள திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எங்கும் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட உண்மையே இதற்கு அடிப்படை. பிடியிலுள்ள சிறு பிஸ்டன் எண்ணெயை அழுத்த, சக்கரத்தருகே இருபுறமுமுள்ள பெரிய பிஸ்டன்கள் கட்டைகளைத் தள்ளுகின்றன. தேய்மானத்துக்கேற்ப அவை தாமே முன்னகர்ந்து நிற்கும். இரண்டு விரல் வலிமை போதும்.

கடைக்காரர் கைத்திறன் மிக்கவர். ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட்டார். ஆனால் பழைய பிடியிலிருந்து ஒரு மெல்லிய மின்கம்பியும் வந்துகொண்டிருந்தது. அது எதற்கு என்று கேட்க, நாம் தமிழில் நினைத்து, இந்தியில் தேடி, மராத்தியில் திக்கினோம். ‘தார்’ என்ற ஒரு சொல்தான் வாயில் வந்தது. வேண்டாத கம்பி என்று கொண்டு, அவர் அதை நறுக்கிப் பசைநாடா சுற்றிவிட்டார்.

அக்கம்பியின் அருமை முதல் நாற்சந்தியிலேயே தெரிந்தது. பிரேக் பிடித்தவுடன் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்துவது அதன் வேலை. மிதிப்பதை விட்ட பின்னும் சில வண்டிகளில் மோட்டார் ஒரு கணம் தள்ளிக்கொண்டிருக்கும். புதிய பிரேக் பின்னே இழுக்க, மோட்டார் முன்னே தள்ள, நாம் இடையில் நின்றோம்! நல்லவேளையாக எதிரே எவருமில்லை. மின்துண்டிப்பு பொருந்திய ஆயில் பிரேக் பிடிகள் கிடைக்கின்றன. இல்லாத பிடியில் சிறு காந்த உணரியைத் தனியே பொருத்தலாம். இணைப்புமுனை நம் வண்டிக்குரியதுதானா என்று வாங்குமுன் பார்த்தல் வேண்டும்.

எண்ணெயிலும் கவனம் தேவை. சில பிரேக்குகளுக்குக் கனிம எண்ணெய். சிலவற்றுக்கு ‘டாட்’ எனக் குறித்த திரவம். மோட்டார் சைக்கிள் கடையில் எளிதில் கிடைப்பது பின்னது. கனிம எண்ணெய்க்குரிய பிரேக்கில் அதை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுப்போகும். கட்டைமேல் ஒரு துளி சிந்தினாலும் அக்கட்டை பிடிக்காது.

மறுநாளே அக்கடைக்குச் சென்று, இம்முறை சைகையால் விளக்கிக் கம்பியை இணைத்தோம். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி மோட்டாரை ஓடவிட்டு, பிடியைச் சக்கரத்தை நிறுத்தாத அளவுக்கு மெல்லத் தொடச் சொன்னோம். மோட்டாரின் ஓசை உடனே அடங்கியது. கடைக்காரர் புருவத்தை உயர்த்திவிட்டு, மற்றொரு முறை தாமே தொட்டுப் பார்த்தார்.