கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



பெண்களின் சொத்துரிமை பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வெளி மாநிலத்துல இருந்த எங்க அம்மா வீட்டு நிலத்தை வித்தப்போ தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

அம்மாவைப் பெத்த தாத்தா, கேரளாவுல ஒத்தப்பாலத்துல பலசரக்குக் கடை வச்சிருந்தார். அங்கேயே ஒண்ணரை ஏக்கர் மேட்டு நிலம் வாங்கிப் போட்டார். உயில் எழுதல. தாத்தா, பாட்டி, எங்க அம்மா மூணு பேரும் இப்ப இல்ல. மூணு வருசத்துக்கு முன்னாடி மாமா போன் பண்ணார். "பாப்பா, அது வெறும் பாறைக்காடு. ஒரு தரகர் கேக்குறார். அப்பாவும் நீயும் தம்பியும் விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டா முடிச்சிடலாம்"னார். அடியில இருக்கிற கல்லு அரசாங்கத்துக்குச் சொந்தம், மேல் மண்ணுக்கு மட்டும்தான் விலைன்னு தரகர் அவர்கிட்ட சொல்லியிருக்கார்.

"பத்திரத்தைப் பாத்துட்டுச் சொல்றேன் மாமா"ன்னேன். மாமாவுக்குக் கோபம். ரெண்டு மாசம் பேசல. தாய்மாமன் பேசாம இருந்தா மனசு என்ன பாடுபடும்னு உங்களுக்கே தெரியும். ஆனாலும் நான் விசாரிச்சேன்.

முதல்ல பங்கு. தகப்பனார் சுயமா சம்பாதிச்ச சொத்துல, உயில் இல்லேன்னா, 1956ஆம் வருசத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. மகள் இறந்துட்டா அவ பங்கு அவ கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வரும். பூர்வீகச் சொத்துலயும் மகளுக்குச் சம உரிமைன்னு தமிழ்நாட்டுல 1989லயும், நாடு முழுக்க 2005லயும் சட்டம் வந்துச்சு.

ரெண்டாவது, மண்ணுக்கு அடியில இருக்கிறது. நம்ம ஆத்தங்குடிக்காரங்களுக்கு மண்ணோட மதிப்பைச் சொல்லித்தரணுமா? நம்ம ஊர் மண்ணைக் கண்ணாடி மேல வார்த்துத்தானே பூக்கல்லு செய்யுறாங்க! அந்த ஊர்ப் பக்கம் வெட்டுக்கல்னு ஒரு செம்பாறை உண்டு. வெட்டும்போது மெத்துனு இருக்கும். காத்துப்பட்டா இறுகிடும். அதுலதான் அங்க வீடு கட்டுறாங்க. புக்கானன்ங்கிற வெள்ளைக்காரர் அங்காடிப்புரத்துல அதைப் பாத்துட்டு, 1807லயே புத்தகத்துல எழுதியிருக்கார்.

ஒத்தப்பாலம் பழைய மலபார் மாவட்டம். 1956 வரைக்கும் சென்னை மாநிலத்தோட இருந்துச்சு. அங்க ஜன்மம் உரிமைன்னு ஒண்ணு உண்டு. அப்படிப்பட்ட நிலத்துக்கு அடியில இருக்கிற கனிமம் நிலத்துக்காரருக்குத்தான் சொந்தம்னு 2013 ஜூலையில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிடுச்சு. சொந்தம்னாலும் அரசு அனுமதி இல்லாம தோண்ட முடியாது. ஆனா விலை பேசும்போது அந்தக் கல்லையும் சேர்த்துப் பேசலாமே! மலையாளம் தெரிஞ்ச ஒருத்தரை வச்சுத் தாத்தா பத்திரத்தைப் படிச்சோம். ஜன்மம்னு அதுலயே எழுதியிருந்துச்சு.

அந்தப் பக்கத்தை நகல் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். அவரே போன் பண்ணி, "நீ கேட்டது நல்லதாப் போச்சு"ன்னார். தரகரை விட்டுட்டு, எல்லாருமாச் சேர்ந்து வேற ஆளுக்கு, முதல்ல கேட்டதைப் போல ரெண்டு பங்கு விலைக்கு வித்தோம். என் பங்கு என் பேர்ல வங்கிக் கணக்குல வந்துச்சு.

தூரத்துல உங்களுக்கு நிலம் இருந்தா இதையெல்லாம் கவனிங்க:

மூலப் பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று மூணையும் பாருங்க.

கிரயத்தை நிலம் இருக்கிற பகுதிச் சார்பதிவாளர் அலுவலகத்துலதான் பதியணும். போக முடியலேன்னா, இங்க நம்ம சார்பதிவாளர் முன்னாடியே பவர் எழுதிக் கொடுக்கலாம். என்னென்ன செய்யலாம்னு அதுல தெளிவா எழுதுங்க.

விடுதலைப் பத்திரம்னா உங்க பங்கை விட்டுக்கொடுக்கிறதுன்னு அர்த்தம். கொடுக்கிற மனசு இருந்தா சந்தோசமாக் கொடுங்க. ஆனா தெரிஞ்சு கொடுங்க.

வக்கீலுக்குக் காசு இல்லேன்னா சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமா உதவி செய்யணும்னு சட்டமே இருக்கு. 15100க்குப் போன் பண்ணலாம்.

குழுத் தீர்மான நோட்டுல ஒரு வரி புரியலேன்னாலும் "இன்னொரு தடவை படிங்க"ன்னு கேக்குறோம். ஐநூறு ரூபாய்க் கணக்குக்கே அப்படிக் கேக்குற நாம, அம்மா வீட்டுச் சொத்துக்கும் கேப்போம்.