கிணறு வெட்டிய பின்

வெளிநாட்டு ஏழைகளுக்குக் கிணறு வெட்ட நம் ஜமாஅத்துகளில் ஸதகா திரட்டப்படுகிறது. ஒரு காலத்தில் நம் கொல்லிமலையே அத்தகைய தூரதேசமாக இருந்தது. 1913இல் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் அங்கே குடியேறினர். (மதப்பிரச்சாரமும் அவர்களின் நோக்கம்தான்; அது வேறு விஷயம்.)

மலைமக்களை நரம்புச்சிலந்திப் புழு வாட்டியது. புழுப் புண்ணுள்ள கால் கிணற்று நீரில் பட்டால், அந்நீரைக் குடிப்பவருக்கும் நோய் தொற்றும். பிராண்ட் புழுவை எடுத்துச் சிகிச்சை அளித்ததோடு, கால் படாதவாறு கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பவும் கற்பித்தார். 1929இல் காய்ச்சலால் அம்மலையிலேயே இறந்தார். ஈவ்லினோ முதுமையில் மீண்டும் மலையேறி, 1974இல் தமது 95ஆம் வயதில் மறையும்வரை மலைமக்களுக்காகவே உழைத்தார்.

சகோதரர்களே! நீங்கள் பணம் அனுப்பிய கிணற்றில் இன்றும் நீர் ஊறுகிறதா, பழுதானால் சீர்செய்பவர் யார் என்று இந்த வாரமே விசாரியுங்கள்.