வேர் இல்லாத மண்



ஓடையில் பாசி மண்டிக் கிடந்தால், மேட்டில் யாரோ உரத்தை அள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்போம். ஒரு பிடி யூரியாகூட விழாத காட்டிலும் இது நடந்திருக்கிறது.

அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்ட் புரூக் என்றொரு மலைக்காடு. அடிப்பாறை நீரை உள்ளே விடாது. பெய்த மழையில் மரம் குடித்ததும் ஆவியானதும் போக, மிச்சமெல்லாம் ஓடை வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். ஓடை முகப்பில் சின்னத் தடுப்பு கட்டி, அதில் முக்கோணமாக ஒரு வாய் வெட்டியிருந்தார்கள். அங்கே வழியும் நீரை அளந்து சோதித்தால், காடு எதை இழக்கிறது என்பது தெரிந்துவிடும்.

1965 கடைசியில், ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் முதலிய ஆய்வாளர்கள் அங்கே சுமார் 15 ஹெக்டேர் காட்டை முழுக்க வெட்ட வைத்தார்கள். மண்ணைக் கிளறிவிடக் கூடாதென்று, ஒரு கட்டையைக்கூட இழுத்துப் போகவில்லை. மூன்று கோடைகளுக்குக் களைக்கொல்லி தெளித்து, எதையும் துளிர்க்க விடவில்லை.

பக்கத்தில் வெட்டாத காட்டு ஓடையில் நைட்ரேட் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம்தான். இங்கோ இரண்டாம் ஆண்டுச் சராசரியே 50-ஐத் தாண்டியது. நம் நாட்டில் குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்பு 45. நிழலும் போய் வெயில் விழவே, ஓடையில் பாசி பிடித்தது.

அத்தனையும் அந்த மண்ணிலேயே இருந்த சத்து. சருகு மக்க மக்க, நுண்ணுயிர்கள் அதிலுள்ள தழைச்சத்தை நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டே இருக்கும். வேர் இருந்தால் உடனே உறிஞ்சிக்கொள்ளும். வேர் இல்லையென்றால், மண்ணில் ஒட்டாத நைட்ரேட்டை மழை கரைத்துக்கொண்டு போய்விடும். மணிச்சத்தின் வழி வேறு. அது மண்துகளைப் பிடித்துக்கொள்ளும். செந்நீராக மண் அரித்து ஓடும்போது கூடவே போகும்.

உரத்தைக் குறையுங்கள் என்று நாம் சொல்வது சரிதான். ஆனால் அறுப்பு முடிந்து வெறுமனே கிடக்கும் கொல்லையில் பெருமழை இறங்கும்போது, அந்த மொட்டைக்காட்டின் கதைதான் அங்கேயும் நடக்கிறது. ஈரம் இருக்கும்போதே கொள்ளு விதைத்தால் வேர் பிடித்துக்கொள்ளும். ஓடைக்கரை விளிம்புவரை ஏர் ஓட்டாமல், புல்லையும் நாணலையும் நிற்க விடலாம்.

ஹப்பர்ட் புரூக்கில் களைக்கொல்லியை நிறுத்தினார்கள். மண்ணுக்குள் உறங்கிக்கிடந்த காட்டுச் செர்ரி விதைகள் முளைத்தன. சில ஆண்டுகளிலேயே, அந்த முக்கோண வாயில் வழிந்த நீரில் நைட்ரேட் பழைய அளவை நெருங்கிவிட்டது.