பாலூட்டும் தாய்மாரும் வலி மாத்திரையும்

(சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டமொன்றில் நடந்த மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீட்டு வசதி பற்றிப் பேச வரும் சங்கத்தார் இன்று மாத்திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்களே என்று சிலர் சிரிக்கலாம். நாம் டாக்டரல்ல, செக்ரோலில் பேர் பதியும் கிராணிதான். ஆயினும் சென்ற ஆண்டு நடந்த ஒரு சம்பவம் நம்மைப் பேச வைக்கிறது.

மரம் சீவும் ஒரு சகோதரி பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினார். பால் வாளி தூக்கித் தூக்கி இடுப்பு வலி. ஒரு மாத்திரை விழுங்கினார். “மாத்திரை போட்டால் தாய்ப்பால் நஞ்சாகிவிடும்” என்று லயத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். பயந்துபோய் மூன்று நாள் பால் கொடுக்காமல், கட்டிப்பாலைக் கரைத்துக் கொடுத்தார். நான்கு மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தாய்க்கோ மார்பில் பால் கட்டி, காய்ச்சல். கிளினிக்கில் தாதி பார்த்துவிட்டுச் சொன்னார்: “அம்மா, நீங்கள் விழுங்கியது பாரசிட்டமோல். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லையே!”

இதை முன்பே எடுத்துச் சொல்லாதது நம் குற்றமும்தான். ஆகையால் இன்று சொல்கிறோம்.

முதலாவது, பாரசிட்டமோல். கடைகளில் பானடால் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே சேருகிறது. 500 மில்லிகிராம் மாத்திரை, வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு. இடையில் 4 முதல் 6 மணி நேரம் விட வேண்டும். ஒரு நாளைக்கு 8 மாத்திரைக்கு மேல் கூடவே கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு மீறி ஈரல் கெடும்.

இரண்டாவது, ஐபுபுரோஃபென். இதுவும் பாலில் மிகக் குறைவாகவே சேரும். மருந்தாளரிடம் கேட்டு வாங்கி, சாப்பிட்ட பின் போட வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இழுப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் தொட வேண்டாம். டிங்கிக் காய்ச்சல் என்ற சந்தேகம் இருந்தால் இதுவும் ஆஸ்பிரினும் ஆகா. இரத்தக் கசிவு உண்டாகும். பாலூட்டும் தாய் வலிக்காக ஆஸ்பிரின் போடுவதை எப்போதுமே தவிர்ப்பது நல்லது.

மூன்றாவது, எச்சரிக்கை! கோடீன், டிரமடோல் என்னும் மருந்துகள். சிலருடைய உடம்பு கோடீனை வெகு வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். அது பாலில் இறங்கினால் குழந்தை மயங்கித் தூங்கும். மூச்சுத் திணறவும் கூடும். பாலூட்டும் தாய்மார் இவ்விரண்டையும் உட்கொள்ளலாகாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2017-ல் எச்சரித்தது. சில இருமல் மருந்திலும் கோடீன் உண்டு. டாக்டரிடம் போனால், “நான் பாலூட்டுகிறேன்” என்பதே உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையாக இருக்கட்டும். மருந்து உண்ட தாயின் குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ நொடியும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

நான்காவது, பேரில்லாப் பொட்டலம். “வலிக்குக் கைகண்ட மருந்து” என்று சந்தையில் விற்கும் மாத்திரையையும் ஜாமுவையும் நம்பாதீர்கள். பதிவு செய்யாத இப்படிப்பட்ட சரக்குகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. பதிவான மருந்தின் பெட்டியில் ‘மால்’ என்று தொடங்கும் எண் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

மார்பில் பால் கட்டிக்கொண்டால் பாலை நிறுத்தலாகாது. குழந்தை பசித்துக் கேட்கும்போதெல்லாம் கொடுத்து வாருங்கள். வலிக்கு மேற்சொன்ன முதலிரண்டு மாத்திரைகளில் ஒன்று போதும். ஒரு நாளில் குறையாவிட்டாலோ காய்ச்சல் ஏறினாலோ கிளினிக்குக்குப் போக வேண்டும்.

தோழர்களே, 1939-ல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், தாய்ப்பாலை விட்டுக் கட்டிப்பால் கொடுக்கச் சொல்லும் வியாபாரத்தைக் கொலை என்றே கண்டித்தார். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் இன்றும் சொல்கிறது. அந்தப் பாலை வீண் பயத்தால் இழக்கலாமா?

கடைசியாக ஒன்று. ஒரு நாள் கூலி போய்விடுமே என்றுதானே வலியை மாத்திரையால் அமுக்கிக்கொண்டு பெரட்டுக்கு ஓடுகிறோம்? வேலைச் சட்டப்படி டாக்டர் சான்றுடன் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. 2 ஆண்டு வேலை செய்தவருக்கு 18, 5 ஆண்டு செய்தவருக்கு 22. பிரசவ விடுப்பும் 60 நாளாக இருந்தது, 1-1-2023 முதல் 98 நாளாயிற்று. இவை பிச்சையல்ல, உரிமை! மறுக்கப்பட்டால் கிளைச் செயலாளரிடம் வாருங்கள்; எழுதிக் கொடுக்க நாமிருக்கிறோம்.

அச்சம் வேண்டாம்; அலட்சியமும் வேண்டாம். கேட்டுத் தெளிந்து உண்போம், நம் பிள்ளைகளைக் காப்போம்.